அப்பத்துக்கு ஒரு போத்தல்

சீனாவில் சிங்தாவ் என்றொரு கடற்கரை நகரம் இருக்கிறது. அங்கே பியரைப் பொலித்தீன் பையில் விற்பார்கள். சந்தையில் மீன் வாங்குவது மாதிரி நிறுத்துத்தான் விலை. பையின் வாயைச் சுருக்கிக் கையில் தருவார்கள். வேலை முடிந்து வருகிற ஆட்கள் மரக்கறிப் பையோடு சேர்த்து அதையும் விரலில் கொழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணா முறை, இரண்டு வருடமாக அங்கேதான் முதுமாணி படிக்கிறார். போன முதல் கிழமையே வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஒரு கையில் புத்தகப் பை, மற்றக் கையில் மஞ்சளாக வீங்கின ஒரு பொலித்தீன் பை, அதுக்குள்ளே ஒரு ஸ்ரோ. நான் ஏதோ ஆஸ்பத்திரிச் சாமான் என்றுதான் நினைத்தேன். கீழே ஒரு வொயிஸ் மெசேஜ்: "தங்கச்சி, இது பியர். சத்தியமாப் பியர். அம்மாட்டச் சொல்லிப்போடாத."

பிறகு அப்படி நிறைய மெசேஜ்கள் வந்தன. ரோட்டோரத்தில் முழங்கால் உயரத்துக்கு பிளாஸ்ரிக் ஸ்ரூல்கள். மிளகாய் போட்டு வதக்கின மட்டி ஒரு தட்டு. அன்றன்றைக்குப் பீப்பாயில் வருகிற, வடிகட்டாத புதுப் பியர். அது அடுத்த நாளுக்கே பழசாகிவிடுமாம். பக்கத்து மேசைக்காரர் கிளாசைத் தூக்கி "கன்பேய்" என்பார்களாம். கிளாசைக் காலி பண்ணு என்று அர்த்தம். அண்ணா சொன்னதில் ஒரு வசனம் மட்டும் எனக்குள்ளே நின்றுவிட்டது.

"இங்க நான் எங்க போய் இருந்தாலும் ஒருத்தரும் 'நீ ஆற்ற மகன், எந்தப் பக்கம்' எண்டு கேக்கிறேல்ல. எந்த நாடு எண்டு மட்டும்தான் கேப்பினம். சிறீலங்கா எண்டா, 'ஓ, ரீ' எண்டுவினம். விசாரணை அவ்வளவுதான்."

சிங்தாவ் பியரின் கதையை நான் தேடி வாசித்தேன். 1897இல் ஜேர்மன் கடற்படை அந்தத் துறைமுகத்தைப் பிடித்தது. 1903இல் ஜேர்மன்காரரும் பிரித்தானியரும் சேர்ந்து, அங்கே இருந்த வெள்ளைக்காரருக்காக ஒரு பியர்த் தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். முதலாம் உலகப்போரில் நகரத்தை ஜப்பான் பிடித்தது. தொழிற்சாலையும் ஜப்பான்காரரின் கைக்குப் போனது. 1949க்குப் பிறகு அது சீன அரசின் சொத்து. அதாவது அந்தப் பியர் முழுக்க முழுக்க ஆக்கிரமிப்பின் மிச்சம். இன்றைக்கு அந்த நகரம் 1991இலிருந்து ஒவ்வொரு வருடமும் அதே பியருக்குத் திருவிழா எடுக்கிறது. பிடிக்க வந்தவன் விட்டுவிட்டுப் போனதை ஊர்ச் சனம் தன்னுடையதாக்கி, பொலித்தீன் பையில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டு போகிறது.

இதை வாசித்தபோது எனக்கு ஒரு கேள்வி வந்தது. எங்களிடம் இருக்கிற குடிவகையை ஒருவரும் கப்பலில் கொண்டுவந்து இறக்கவில்லை. எங்கள் வளவுக்குள் நிற்கிற மரத்தில் இருந்து சொட்டுகிறது. அதை ஏன் நாங்கள் இன்றைக்கும் எங்களுடையது என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டோம்?

*

கள்ளைப் பற்றித்தான் சொல்கிறேன்.

கோப்பாயில் எங்கள் ஒழுங்கைக்குள் நின்று பார்த்தால் எந்தத் திசையிலும் ஒரு பனை தெரியும். வாழைத் தோட்டங்களின் எல்லையில் நிற்கும். கைதடிப் பக்கம் பாலத்தைத் தாண்டினால் தரவைக்கு அந்தப் பக்கமும் நிற்கும். அந்தக் கைதடியில்தான் பனை ஆராய்ச்சி நிறுவனமே இருக்கிறது. பனையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதாத யாழ்ப்பாணத்துப் பிள்ளை இருக்காது. கற்பகதரு, ஓலை, நார், ஒடியல், பினாட்டு, பனங்கட்டி என்று வரிசையாக எழுதிக்கொண்டு போவோம். கள்ளு என்ற இடம் வந்தால் ஒரு வரி. சில ரீச்சர்மார் அந்த ஒரு வரியையும் சிவப்புப் பேனையால் வெட்டுவார்கள்.

வெட்டினாலும் மரம் தன் வேலையைச் செய்யும். பாளையைக் கட்டி, தட்டி, நுனியைச் சீவிவிட்டால் சாறு சொட்டும். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசியிருந்தால் அது புளிக்காது, கருப்பநீர். காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு பூசாவிட்டால் காற்றிலும் முட்டியிலும் இருக்கிற நொதியங்கள் உடனேயே வேலையைத் தொடங்கிவிடும். சில மணித்தியாலத்தில் கள்ளு. காலையில் இனிக்கும், மத்தியானம் துடிக்கும், பின்னேரம் புளிக்கும், அடுத்த நாள் வினாகிரிப் பக்கம் போகத் தொடங்கும். ஒரே மரம், ஒரே சாறு. கருப்பநீருக்கும் கள்ளுக்கும் நடுவில் இருப்பது ஒரு பூச்சுச் சுண்ணாம்பு மட்டும்தான். ஆனால் கருப்பநீரை அம்மம்மா எங்களுக்கு மாங்காய்த் துண்டு போட்டுத் தந்தா. கள்ளின் பெயரை வீட்டுக்குள் மெதுவாகத்தான் சொன்னா.

வீட்டுக்குள் கள்ளு வந்ததே இல்லை என்று நினைக்க வேண்டாம். அப்பத்துக்கு வரும். எங்கள் பக்கத்து அப்பத்துக்கு மாவைப் புளிக்க வைப்பது கள்ளுத்தான். ஈஸ்ற் போட்டுச் சுடுகிற அப்பத்தை அம்மா இன்றைக்கும் அப்பம் என்று ஒத்துக்கொள்ள மாட்டா. அதனால் மாதத்தில் ஒருநாள் தம்பியின் கையில் ஒரு வெறும் போத்தல் கொடுக்கப்படும், பழைய பேப்பரில் சுற்றி. "அப்பத்துக்கு எண்டு சொல்லி வாங்கிக்கொண்டு வா." தம்பிக்கு அப்போது பத்து வயது. எனக்குப் பதினாலு. எனக்குச் சைக்கிளும் இருந்தது, வழியும் தெரியும். ஆனாலும் தம்பிதான் போவான்.

அவன் போகிற இடத்துக்குப் பெயர் தவறணை. போர்த்துக்கேயர் தங்கள் மதுக்கடையைத் தவேர்னா என்றார்கள். அவர்கள் போய் முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகியும் சொல் எங்களிடம் நின்றுவிட்டது. முந்தித் தனியாரிடம் குத்தகைக்குப் போன தொழிலை 1970களின் தொடக்கத்தில் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் எடுத்துக்கொண்டன. மரத்தில் இருந்து இறக்கின கள்ளைத் தொழிலாளி சங்கத்துக்கு அளப்பார், சங்கம் தவறணையில் விற்கும். போத்தலில் அடைத்த பனங்கள்ளும் வருகிறது. ஆனால் தெரிந்தவர்கள் போத்தலைத் தொட மாட்டார்கள். அண்ணா சொல்கிற புதுப் பியர் மாதிரித்தான்: அன்றைக்கு இறக்கினதை அன்றைக்கே குடிக்க வேண்டும்.

இதில் ஒரு விசயம். அண்ணா சீனாவுக்குப் போகுமட்டும் தவறணைக்குப் போனதே இல்லை. பியர் குடித்திருக்கிறார், நண்பர்களின் பிறந்தநாளுக்கு ரின் வாங்கி, கடற்கரைப் பக்கம் மோட்டார் சைக்கிளை நிறுத்தி. அவருடைய செற் முழுக்க அப்படித்தான். என் பச்சில் இருக்கிற பெடியளும் அப்படித்தான். இலங்கையின் லயன் பியர், நுவரெலியாவின் குளிரில் வெள்ளைக்காரத் துரைமாரின் காலத்தில் தொடங்கின தொழிலின் தொடர்ச்சி. பார்லியும் ஹொப்ஸும் எங்கள் மண்ணில் விளைவதில்லை. விலையும் கள்ளைவிட எவ்வளவோ கூட. ஆனாலும் பியர்தான் "டீசன்ற்". ஏனென்று அண்ணாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: "பியர் ரின்னில ஆற்ற பேரும் எழுதியிருக்காது. கள்ளுப் பிளாவில எல்லாருக்கும் எல்லாற்ற பேரும் தெரியும்."

*

போன ஆடியில் அண்ணா விடுமுறைக்கு வந்தார். தனியே வரவில்லை. சிங்தாவில் அவரோடு மொழி வகுப்பில் படித்த ஒரு போலந்துக்காரியும் வந்தா. இலங்கையைச் சுற்றிப் பார்க்க வந்தவ, நாலு நாள் யாழ்ப்பாணத்தில். பெரியம்மா முதலில் கலங்கிப்போனா. பிறகு அந்தப் பிள்ளைக்கு ஏற்கனவே ஒரு போலந்துக் காதலன் இருக்கிறான் என்று தெரிந்ததும் ஆடிக்கூழ் காய்ச்சிக் கொடுத்தா.

கூழை ஓலைப் பிளாவில் ஊற்றிக் கொடுத்ததும் அவவுக்குக் கண் விரிந்தது. இது எப்படிச் செய்வது, இதில் வேறு என்ன குடிப்பீர்கள் என்று கேட்டா. அண்ணா வாய் தவறிக் கள்ளு என்றுவிட்டார். அதோடு முடிந்தது கதை. சிங்தாவில் பைப் பியரைக் குடித்துப் பழகின ஆள்; உள்ளூர்க் குடி எதுவாக இருந்தாலும் அது ஊற்றப்படுகிற இடத்தில் வைத்துக் குடிக்க வேண்டும் என்பது அவவின் கொள்கை. கட்டாயம் போக வேண்டும் என்றா. மொழிபெயர்க்க நானும் வர வேண்டும் என்றா.

அப்படித்தான் நான் வாழ்க்கையில் முதல்தரம் எங்கள் பக்கத்துத் தவறணைக்குக் கிட்டப் போனேன். எங்கள் வீட்டில் இருந்து சைக்கிளில் பத்து நிமிடம். பனம்பாத்தி ஒன்று, கிடுகு வேலி, தகரக் கூரை, உள்ளே சீமெந்து வாங்கு. பின்னேரம் நாலரை மணி இருக்கும். பத்துப் பதினைந்து பேர். தோட்டத்தில் இருந்து வந்தவர்கள், மேசன்மார், ஒரு ஓய்வு பெற்ற கிளாக்கர். அவரை எனக்கு வாசிகசாலையில் தெரியும். என்னைக் கண்டதும் அவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

போலந்துக்காரி உள்ளே போனா. இடம் விட்டார்கள். ஒருவர் தோளில் இருந்த துவாயால் வாங்கைத் தட்டித் துடைத்தார். "தங்கச்சிக்கு நல்லதாப் பாத்து ஊத்து" என்று ஒருவர். ஒரு பிளா, பிறகு இன்னொன்று. கடிக்க மரவள்ளிச் சிப்ஸ் வந்தது. காசு வேண்டாம் என்றார்கள். அவ ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடி யோசித்து, "இளநீரும் பழைய அப்பிள் சைடரும் கலியாணம் கட்டின மாதிரி" என்று ஆங்கிலத்தில் சொன்னா. அதை நான் தமிழில் சொல்ல, தவறணை முழுக்கச் சிரித்தது. யாரோ போனில் வீடியோ எடுத்தார்கள்.

இதையெல்லாம் நான் சொன்னது வேலிக்கு வெளியே நின்று. கடப்படியைத் தாண்ட வெளிக்கிட்டபோது உள்ளே இருந்த ஒருவர், வயதானவர், கோபமாக இல்லை, மிகவும் பண்பாகச் சொன்னார்: "பிள்ளை, நீங்கள் உதில நில்லுங்கோ. ஆரும் கண்டா வீட்டுக்குத்தான் பேர் பழுதாகும்." அந்தப் பண்புதான் எனக்குத் தொண்டைக்குள் இறுகினது. திட்டினால் திருப்பிக் கதைக்கலாம். அக்கறையோடு வேலிக்கு வெளியே நிறுத்தினால் என்ன செய்வது? நான் நின்றேன். உள்ளே ஏழாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் பிறந்த ஒருத்தி எங்கள் பனையைக் குடித்துக்கொண்டிருந்தா. நான் அவவுக்கு அதன் பெயரை வெளியில் நின்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

அவவில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. வெளிநாட்டுக்காரருக்கு எந்த ஊரிலும் ஒரு சலுகை உண்டு. அண்ணா சீனாவில் அனுபவிக்கிறதும் அதுதான். யார் மகன், யார் மகள் என்ற பட்டோலை அவர்களிடம் இல்லை. அதனால் அவர்களுக்குக் கள்ளு ஒரு சுவை மட்டும்தான். எங்களுக்கு அது சுவையாக வருவதற்கு முன்னமே வேறு கனக்க விசயங்களாக வந்துவிடுகிறது.

*

முதலாவது, சட்டம். பெண்கள் தவறணைக்குப் போகக்கூடாது என்பது ஊர்ப்பேச்சு மட்டும் இல்லை. 1979இல் வந்த மதுவரி அறிவித்தல் ஒன்றின்படி, தவறணை வளவுக்குள் பெண்ணுக்கு மதுபானம் விற்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. அதில் உள்ளூர்ப் பெண், வெளிநாட்டுப் பெண் என்ற பிரிப்பு இல்லை. 2018 தை மாதத்தில் அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தைத் திரும்பப் பெறச் சொன்னார். பெண்கள் சிலர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஒருவரும் மதுபானம் விற்கக்கூடாது. அது எனக்கு விளங்குகிறது. பிள்ளைகளைக் காக்கிற சட்டம். ஆனால் 21 தாண்டின பிறகும் தாண்டாத பிள்ளையாகவே என்னை எழுதி வைத்திருக்கிறது மற்றது.

இரண்டாவது, சாதி. இதைச் சொல்லாமல் யாழ்ப்பாணத்தில் கள்ளைப் பற்றிக் கதைக்க முடியாது. கதைத்தால் அது பொய்.

அம்மம்மாவின் காலத்தில் எங்கள் வளவுப் பனைகளைச் சீவின ஐயா ஒருவர் இருந்தார். அவர் அம்மம்மாவைவிட மூப்பு. அம்மம்மா அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவா. அவர் அம்மம்மாவை "நாச்சியார்" என்பார். படலையடியில் நின்றுதான் கதைப்பார். தண்ணீர் கேட்டால் சிரட்டையில் வார்க்கப்படும், அல்லது அவர் கையைக் குவித்துக்கொள்ள உயரத்தில் இருந்து ஊற்றப்படும். அம்மம்மாவே இதைச் சாதாரணமாக, சமையல் குறிப்புச் சொல்கிற மாதிரிச் சொல்லியிருக்கிறா.

ஆனால் அதே ஐயாவின் கையால் இறக்கின கள்ளை ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் குடித்தார்கள். அவர் தொட்ட முட்டி, அவர் பன்னாடையால் வடித்த கள்ளு. அவர் கையால் தண்ணீர் வாங்காத வாய், கள்ளு மட்டும் வாங்கியது. எனக்கு இதில் பிளாவைப் பற்றித்தான் யோசனை ஓடும். ஓலையில் மடித்து, குடித்துவிட்டு எறிகிற கோப்பை. கழுவத் தேவையில்லை, யார் வாய் வைத்தது என்ற கேள்வி இல்லை, உன் கோப்பை என் கோப்பை என்ற சிக்கல் இல்லை. இன்றைக்கு நாங்கள் அதைச் சூழலுக்கு நல்லது என்று படம் எடுத்துப் போடுகிறோம். உண்மையில் நல்லதுதான். ஆனால் தேநீர்க் கடையில் சிலருக்குத் தனிக் கிளாஸ் வைத்திருந்த ஒரு சமூகத்துக்கு, கிளாஸே தேவைப்படாத ஒரு பாத்திரம் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்றும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்தத் தனிக் கிளாசுக்கு எதிராக 1960களில் இந்தக் குடாநாட்டில் அடிபட்டும் வெட்டுப்பட்டும் போராடினார்கள். 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்தில் இருந்து வெளிக்கிட்ட ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த போராட்டமும் எங்கள் சிலபஸில் இல்லை. கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலை எடுத்து வாசித்தால்தான் அந்தக் காலத்து ஊர் தெரியும். பியர் ரின்னில் யாருடைய பெயரும் இல்லை என்று அண்ணா சொன்னதன் அடி இதுதான். சீவல் தொழில் செய்தவர்களின் சாதிப் பெயரை நாங்கள் ஒரு வசையாக்கினோம். கள்ளை வடிக்கிற பன்னாடையையும் வசையாக்கினோம். பிறகு கள்ளை எங்கள் பாரம்பரியம் என்று சொல்ல வாய் எப்படி வரும்?

*

இப்போது எங்கள் ஒழுங்கையில் மரம் ஏறுகிறவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். அவர் என்னைப் பிள்ளை என்பார். ஐம்பது வயது இருக்கும். காலில் தளநார், இடுப்பில் இயனக்கூடு, அதற்குள் பாளைக்கத்தி. நாளுக்கு இரண்டு தரம், விடியவும் பின்னேரமும். மழை தூறினால் மரம் வழுக்கும்; ஆனாலும் சீவாமல் விட முடியாது, விட்டால் பாளை காய்ந்துவிடும். மரத்துக்கு லீவு இல்லை என்பார்.

இந்தக் கட்டுரைக்காக அவரிடம் போய்க் கதைத்தேன். சிங்தாவ் கதையையும் சொன்னேன்: அங்கே ஒரு நகரமே தன் பியரைக் கொண்டாடுகிறது, எங்கட கள்ளையும் அப்படி ஆக்க வேண்டும், திருவிழா வைக்க வேண்டும் என்று கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டேன். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லது பிள்ளை. திருவிழா வைச்சா ஆர் மரத்தில ஏறுறது?"

"நீங்கள்தான் அண்ணை."

"எனக்குப் பிறகு?"

அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் கொழும்பில் எலக்ரீசியன். மகள் ஏ.எல். எடுத்துவிட்டு முடிவுக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறா. மகனை மரத்தில் ஏற விட்டதே இல்லையாம். "விழுந்து செத்தவனையும் தெரியும், விழுந்து சாகாமக் கிடக்கிறவனையும் தெரியும். அதைவிட, ஏறினா அவனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவினம். கொழும்பில அவனுக்கு மிஸ்ரர் போடுறாங்கள்." பிறகு சிரித்தார். "நீ கட்டுரையில கள்ளை நல்லா எழுது. ஆனா என்ர பொடியனை ஏறச் சொல்லி எழுதாத."

எழுதவில்லை. போரில் இலட்சக்கணக்கான பனைகளைத் தறித்துப் பதுங்குகுழிக்குக் குற்றி போட்டார்கள்; ஷெல்லில் தலை போன மரங்கள் இன்னும் சில இடங்களில் தூண் மாதிரி நிற்கின்றன. மரத்தை மீண்டும் நடலாம், நட்டும் வருகிறார்கள். 1978இல் தொடங்கின பனை அபிவிருத்திச் சபை இருக்கிறது, விதை இருக்கிறது, வடலி வளரும். ஏறுகிறவரின் மரியாதையை எங்கே நடுவது என்பதுதான் கேள்வி. அது இல்லாமல் கள்ளுத் திருவிழா வைத்தால், குடிக்கிறவர்களுக்கு மட்டும்தான் திருவிழா.

*

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது, அம்மாவின் பயம். அம்மாவிடம் தவறணைக் கதையைச் சொன்னபோது அவ கத்தவில்லை. "உனக்கு அது ஆராய்ச்சி. எனக்கு அது சித்தப்பா" என்று மட்டும் சொன்னா. அந்தச் சித்தப்பாவை எனக்கு நினைவு இருக்கிறது. கள்ளில் தொடங்கினாரோ என்னவோ, முடித்தது சாராயத்திலும் கசிப்பிலும். சின்னம்மாவின் காப்பு ஒவ்வொன்றாக அடகுக்குப் போனதும் நினைவு இருக்கிறது. எங்கள் ஊரில் குடி என்றால் பெண்களுக்கு நினைவு வருவது சுவை இல்லை, இரவு பத்து மணிக்குப் படலை திறக்கிற சத்தம். அதைக் கணக்கில் எடுக்காமல் "கள்ளு இயற்கை உணவு" என்று எழுதுகிற ஆம்பிளைகளின் பதிவுகளை என்னால் முழுக்க வாசிக்க முடிவதில்லை.

ஆனால் அம்மாவின் பயத்துக்கு மருந்து என்னை வேலிக்கு வெளியே நிறுத்துவதா? பெண்களைத் தவறணைக்கு வெளியே நிறுத்திய காலம் முழுக்கத்தான் சித்தப்பாமார் உள்ளே இருந்து குடித்தார்கள். வேலி அவர்களைக் காப்பாற்றவில்லை. சின்னம்மாவையும் காப்பாற்றவில்லை.

தமிழ்நாட்டிலும் இதே குழப்பம்தான். அங்கே 1987இல் இருந்து கள்ளுக்குத் தடை. ஆனால் அரசின் டாஸ்மாக் கடையில் பிராந்தியும் பியரும் கிடைக்கும். ஊர் மரத்தில் இருந்து வருவது குற்றம், தொழிற்சாலையில் இருந்து வருவது வருமானம். பக்கத்துக் கேரளாவில் கள்ளுக்கடைக்குக் குடும்பமாகப் போய் மீன் கறியோடு சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். ஒரே மரம், மூன்று கடற்கரை, மூன்று நியாயம்.

இவ்வளவுக்கும் எங்கள் இலக்கியத்தில் இது இரண்டு பக்கமும் இருக்கிறது. திருக்குறளில் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே உண்டு. அதை எல்லாரும் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். புறநானூற்றில் அதியமான் இறந்தபோது ஔவையார் பாடின பாட்டு ஒன்று உண்டு. கொஞ்சக் கள்ளுக் கிடைத்தால் அதை எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துப் பாட மிச்சத்தைத் தான் குடிப்பான் என்று அந்த அரசனை நினைத்து அழுகிற பாட்டு. பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான் அதை முழுதாக வாசித்தேன். ஒரு பெண், ஒரு நண்பனோடு சமமாக இருந்து கள்ளுக் குடித்ததை ஒரு கூச்சமும் இல்லாமல் சொல்கிறா. ஔவையார் என்றால் கூன் விழுந்து தடி ஊன்றின கிழவி என்று மட்டும் படம் போட்டுக் காட்டினவர்களுக்கு இந்தப் பாட்டு தெரியாமல் இருந்திருக்காது.

*

போலந்துக்காரி போனதற்கு அடுத்த ஞாயிறு பெரியம்மா வீட்டில் அப்பம். அண்ணாவே போய்க் கள்ளு வாங்கிக்கொண்டு வந்தார், இந்த முறை பேப்பரில் சுற்றாமல். அம்மா, பெரியம்மா, நான், அண்ணா, நாலு பேரும் குசினிக்குள். மாவுக்குள் விட்ட பிறகும் போத்தலில் முக்கால்வாசி மிச்சம் இருந்தது. அண்ணா அதை மேசையில் வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"இவ்வளவு மிஞ்சுதே, முந்தி இதை என்ன செய்வியள்?" என்று நான் கேட்டேன். பகிடிக்கு இல்லை, உண்மையாகவே தெரியாமல்தான்.

அம்மாவும் பெரியம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பத்துக்கு எண்டு ஒரு போத்தல் வரும். மாவுக்குப் போறது கால் போத்தல். அம்மம்மா சொல்லுவா, மிச்சம் வெக்கைக்கு ஆவியாப் போகுதெண்டு."

"மாதத்துக்கு ஒருக்கா ஆவியாப் போகும்" என்று அம்மா சொன்னா.

அன்றைக்கு நான் முதல்தரம் குடித்தேன், எவர்சில்வர் ரம்ளரில். முதலில் இனிப்பு, உடனேயே புளிப்பு, மூக்குக்குள் ஈர ஓலையின் மணம், கடைசியில் நாக்கில் சின்னதாக ஒரு துடிப்பு. இரண்டாவது வாய் முதலாவதைவிட நல்லாக இருந்தது. அரை ரம்ளரோடு நிறுத்திவிட்டேன். அம்மாவும் அரை ரம்ளர். சித்தப்பாவைப் பற்றியும் கதைத்தோம். அவரைப் பற்றி அம்மா அவ்வளவு நேரம் கதைத்ததை நான் முன்னம் கேட்டதில்லை.

எங்கள் வீட்டுப் பெண்கள் மூன்று தலைமுறையாகத் தங்கள் சொந்த மரத்தின் கள்ளை மாவின் பெயரால் களவாகக் குடித்திருக்கிறார்கள். அந்த மரத்தில் ஏறின ஐயாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே குடித்திருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகத்தான் நான் நினைக்க வேண்டியிருக்கிறது. ஒன்றை விட்டு மற்றதை நினைத்தால் கதை பாதி.

எனக்குக் குடிகாரியாக ஆசை இல்லை. ஒரு சாதாரணப் பின்னேரம், தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வருகிற நேரம், எங்கள் ஊர் வாங்கில் இருந்து ஒரு பிளாக் கள்ளுக் குடித்துவிட்டு எழும்பி வீட்டுக்கு வர வேண்டும். இறக்கினவரும் பக்கத்தில் இருக்க வேண்டும், அதே வாங்கில். யாரும் வாங்கைத் துடைத்து விடவும் வேண்டாம், முகத்தைத் திருப்பவும் வேண்டாம். அண்ணா சிங்தாவில் அப்படி இருப்பதற்கு ஐயாயிரம் கிலோமீற்றர் போக வேண்டியிருந்தது. எனக்கு அது பத்து நிமிடச் சைக்கிள் தூரம். எது கூடத் தூரம் என்று இன்னும் கணக்குப் பார்த்து முடியவில்லை.